வரைபடக் கணக்கு குழு: கென்யாவும் இலங்கையும் ஒரே தாளில்

கவிதா (மாலை 6:10): டீச்சர், தர்ஷினிக்கு புவியியல் ஒப்படை ஒன்னு குடுத்திருக்காங்க. இலங்கையையும் கென்யாவையும் பரப்பளவு, நிலப்பயன்பாடு ரெண்டிலயும் ஒப்பிடணும். அட்லஸ்ல இருந்து ரெண்டு படத்தையும் அப்படியே ட்ரேஸ் எடுக்கலாமா?

ராணி டீச்சர்: வேணாம் கவிதா. அட்லஸ்ல பக்கத்துக்குப் பக்கம் அளவுத்திட்டம் வேற. இலங்கைக்கு ஒரு பக்கம், கென்யாவுக்கு ஒரு பக்கம்னு இருக்கிறதால ட்ரேஸ் எடுத்தா ரெண்டும் ஒரே அளவு நாடு மாதிரி வந்துரும். இலங்கை 65,610 சதுர கிலோமீற்றர், கென்யா 580,367. ஏறத்தாழ 8.8 மடங்கு.

சந்திரன்: மில்லிமீற்றர் வரைபுத்தாள் வாங்குங்க அக்கா. 1 சென்ரிமீற்றருக்கு 100 கிலோமீற்றர். கென்யா 11 சென்ரிமீற்றர் உயரம், 9 அகலம் வரும். இலங்கை 4.3 உயரம், 2.2 அகலம். 50 கிலோமீற்றர்னு போட்டா ரெண்டும் ஒரே ஏ4 தாள்ல அடங்காது.

சந்திரன்: இந்த அளவுல ஒரு மில்லிமீற்றர் பெட்டி = 100 சதுர கிலோமீற்றர் = 10,000 ஹெக்டெயர். பெட்டியை எண்ணினாலே கணக்கு வந்துரும். எல்லைக்கோடு வெட்டுற பெட்டியில பாதிக்கு மேல உள்ள இருந்தா ஒன்னு, குறைஞ்சா விட்டுருங்க. இலங்கை 656க்குக் கிட்ட வரணும். 700 தாண்டினா கோடு வெளிய ஓடிருச்சுன்னு அர்த்தம், திரும்ப வரையணும்.

கவிதா: போன்ல வர்ற மேப்பை வச்சு வரையலாமா தம்பி?

சந்திரன்: இந்த ரெண்டு நாட்டுக்கும் பரவாயில்ல, ரெண்டுமே மத்தியகோட்டுக்குக் கிட்ட. ஆனா ரெண்டையும் ஒரே ஜூம்ல எடுக்கணும். இங்கிலாந்து மாதிரி வடக்கே உள்ள நாடுன்னா அந்த மேப் பெருசாக்கிக் காட்டும்.

ராணி டீச்சர்: சதவீதம் போடும்போது எதால வகுக்கிறோம்னு பார்க்கணும். மொத்தப் பரப்புல தண்ணியும் சேர்ந்திருக்கு. இலங்கையில 2,905 சதுர கிலோமீற்றர் உள்நாட்டு நீர், கென்யாவுல 11,227. அங்க பெரும்பகுதி துர்கானா ஏரியும் விக்டோரியா ஏரியில அவங்க பங்கும்தான். நிலப்பயன்பாட்டுக்குத் தரையை மட்டும் எடுக்கணும்: இலங்கை 627 பெட்டி, கென்யா 5,691.

கவிதா: சரி டீச்சர். விவசாய நிலம் இலங்கை 45 சதவீதம், கென்யா 48 சதவீதம்னு போட்டிருக்கு. அப்போ ரெண்டும் ஒரே மாதிரின்னு எழுதலாமா?

செல்வம் அண்ணே: அங்கதான் புள்ளைங்க எல்லாம் தவறுது. அந்த 48க்குள்ள மேய்ச்சல் தரையும் இருக்கு. பெட்டிக் கணக்குல சொல்றேன், எல்லாம் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு போடுற கணக்கு, கிட்டத்தட்ட.

கென்யா: வருசா வருசம் விதைக்கிற நிலம் 580 பெட்டி, நிரந்தரப் பயிர் 53, மேய்ச்சல் 2,130, காடு 360.
இலங்கை: விதைக்கிற நிலம் 137, நிரந்தரப் பயிர் 100, மேய்ச்சல் 44, காடு 210.

செல்வம் அண்ணே: நிரந்தரப் பயிரைப் பாரு. கென்யாவுல ஏறக்குறைய ஒன்பதுல ஒரு பங்கே இருக்கிற நம்ம நாட்டுல அவங்களைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. தென்னை, தேயிலை, ரப்பர். கென்யாவுல நாலு பங்கு மேய்ச்சல்னா ஒரு பங்குதான் விதைக்கிற நிலம். இதை எழுதாம 48ஐயும் 45ஐயும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒப்படையே பிழை.

கவிதா: ஏன் அண்ணே அங்க இவ்வளவு மேய்ச்சல்?

செல்வம் அண்ணே: மழை இல்ல. கென்யாவுல நூத்துக்கு எண்பதுக்கு மேல வறண்ட, அரை வறண்ட நிலம். ஆடு, மாடு, ஒட்டகம்தான் தாங்கும். பயிர் எல்லாம் மேட்டு நிலத்துலயும் விக்டோரியா பக்கமும் கரையோரமும் நெருக்கிக்கிட்டு இருக்கு.

ராணி டீச்சர்: ஆளுக்கு எவ்வளவுன்னும் போடச் சொல்லு. விதைக்கிற நிலத்தையும் நிரந்தரப் பயிரையும் கூட்டி சனத்தொகையால வகுக்கணும். 2024 தொகைமதிப்புப்படி நம்ம 2 கோடியே 17 லட்சம், தலைக்கு 43 பேர்ச். கென்யா 2019 தொகைமதிப்புல 4 கோடியே 75 லட்சம், தலைக்கு 53 பேர்ச்னு வரும். பிறகு அங்க சனம் கூடியிருக்கு, அதனால 53ம் இப்ப குறைஞ்சிருக்கும். அட்டவணையில ஆண்டை கட்டாயம் எழுதணும்.

கவிதா: நாடு ஒன்பது மடங்கு, ஆளுக்கு 10 பேர்ச்தான் வித்தியாசமா!

சந்திரன்: பேர்ச் போடுறதுக்கு: 1 ஹெக்டெயர் = 2.471 ஏக்கர், 1 ஏக்கர் = 160 பேர்ச். ஹெக்டெயரையும் ஏக்கரையும் கலந்து எழுதினா விடை ரெண்டரை மடங்கு மாறிரும்.

செல்வம் அண்ணே: தேயிலையைத் தனியா காட்டுங்க. ரெண்டு நாட்டுலயும் 2 லட்சம் ஹெக்டெயருக்கு மேல, அதாவது 20 பெட்டிக்குக் கொஞ்சம் கூட. கென்யாவுல அது பிளவுப் பள்ளத்தாக்குக்கு ரெண்டு பக்கமும், கெரிச்சோ, நந்தி, நியேரி, முராங்கா. நம்ம பக்கம் நுவரெலியா, பதுளை, கண்டியில மட்டும் பச்சை அடிச்சிராதீங்க. இரத்தினபுரி, காலி, மாத்தறையும் வேணும், நாட்டுத் தேயிலையில பாதிக்கு மேல 600 மீற்றருக்குக் கீழதான்.

கவிதா: நிலம் ஏறக்குறைய ஒன்னுன்னா தேயிலையும் ஒரே அளவுதானே வரணும்?

செல்வம் அண்ணே: இல்ல. 2023ல கென்யா 570 மில்லியன் கிலோ, நாங்க 256. அங்க மத்தியகோட்டுல வருசம் பூரா பகல் நேரம் ஏறக்குறைய ஒரே அளவு, ரெண்டு மழைக்காலம், ஆழமான எரிமலை மண். இங்க விதை போட்டு வளர்த்த வயசான தேயிலை இன்னும் நிறைய, சரிவுல மேல்மண் போய் கல்லு தெரியுது, செத்த மரத்துக்குப் பதில் நடாம விட்ட வெற்றிடம் மலைக்கு மலை. வெற்றிடமும் ஏக்கர்ல சேருது, கொழுந்து மட்டும் வராது. 2021 இரசாயன உரத்தடையும் அடிச்சுது: அந்த வருசம் 299, அடுத்த வருசம் 251.

ராணி டீச்சர்: இதை ஒரு பந்தியில எழுதட்டும். பரப்பளவை மட்டும் வச்சு விளைச்சல் சொல்ல முடியாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்ல.

கவிதா (இரவு 8:25): தர்ஷினி பெட்டி எல்லாம் எண்ணிட்டா. கென்யாவுல 2,500க்கு மேல மிச்சம். என்ன நிறம் அடிக்கிறது?

ராணி டீச்சர்: பழுப்பு, "ஏனைய நிலம்"னு குறிப்பு. புதர், பாறை, மணல், பட்டணம் எல்லாம் அதுலதான். பாலைவனம்னு மட்டும் எழுத வேணாம்.

சந்திரன்: கென்யாவுல கிழக்கு, மேற்குன்னு இருக்கிற சாவோ தேசியப் பூங்கா ரெண்டையும் காட்டுக்குள்ள சேர்த்துறாதீங்க அக்கா. ரெண்டும் சேர்த்து 200 பெட்டிக்கு மேல, இலங்கையோட பரப்புல மூணுல ஒரு பங்கு அளவு. பெரும்பாலும் புல்லும் புதரும்தான். கட்டம் போட்ட கோடு மட்டும் மேல அடிச்சு "பாதுகாக்கப்பட்ட பகுதி"ன்னு எழுதினா போதும், பெட்டியில திரும்ப எண்ணக்கூடாது.