ஹரிகேன் மொடலுக்கு ஸ்ப்ரே அடித்தால் வெள்ளை பூக்கிறது, பனிக்குள் எப்படிப் பெயின்ட் அடிப்பது?

டிக்கோயா ஆசிரியர்:

வணக்கம். நான் வரலாறு படிப்பிக்கிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கையில் கொடுத்துக் காட்ட ஏதாவது வேண்டும் என்று எயார்ஃபிக்ஸ் கம்பனியின் 1/72 அளவு ஹரிகேன் போர் விமானக் கிட் ஒன்று எடுத்தேன். கொழும்பு ரேஸ்கோர்ஸில் இருந்து எழும்பிய, பிரித்தானிய விமானப்படையின் 258ஆவது ஸ்குவாட்ரன் விமானமாக அதை முடிக்க ஆசை. ஒட்டி, மூட்டுகளுக்குப் புட்டி வைத்து, உரசியும் ஆயிற்று.

கார்களுக்கு அடிக்கிற லாக்கர் ஸ்ப்ரே டின்னில் பின்னேரம் போல அடித்தேன். மலையில் இருந்து பனி இறங்கிக்கொண்டிருந்த நேரம். அடிக்கும்போது நல்ல பச்சை. காயக் காயச் சிறகு முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி வெளிறிவிட்டது. துடைத்தாலும் போகவில்லை. பிளாஸ்டிக் கெட்டுவிட்டதா? அதோடு, அந்த வருடத்து விமானத்துக்கு எந்த நிறம், எந்த வட்டச் சின்னம் சரி?

கண்டி மொடல் மேசை:

பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகியிராது சேர். ஈரம்தான் காரணம். அடிக்க முதல் டின்னை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள். கொதி தண்ணீர் கூடவே கூடாது, டின் வெடிக்கும். கண்டியில் எனக்கு இது போதும். டிக்கோயா இருக்கிற ஹட்டன் பக்கத்துக்குப் போதுமா என்பதை மேலே இருக்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பண்டாரவளை ஃபிட்டர்:

தம்பி, நான் தேயிலை பெக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்விக்குப் பதில் கொழுந்தைப் பரப்பி வாட வைக்கிற எங்கள் வாட்டல் மாடியிலேயே இருக்கிறது.

லாக்கரில் உள்ள தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது பெயின்டின் மேற்பரப்பைக் குளிரப் பண்ணிவிடும். சுற்றியுள்ள காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு நின்றால், அந்தக் குளிரில் நீராவி தண்ணீராகி, காயாத பெயின்டுக்குள் மாட்டிக்கொள்ளும். நீங்கள் பார்க்கிற வெள்ளை அதுதான்.

வாட்டல் மாடியில் உலர் குமிழ், ஈரக் குமிழ் என்று இரண்டு வெப்பமானி பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துத்தான் கொழுந்து சாதாரணக் காற்றில் வாடுமா, சூடு காற்று விட வேண்டுமா என்று முடிவு எடுப்போம். பெயின்டுக்கும் அதே கணக்கு. உங்கள் பாடசாலை விஞ்ஞான அறையில் வெப்பமானி இரண்டு கிடைக்கும். ஒன்றின் குமிழில் பருத்தித் திரி சுற்றி, திரியின் மற்ற நுனியைத் தண்ணீரில் விடுங்கள். உலர் குமிழ் 20 பாகை, ஈரக் குமிழ் 18 பாகை என்றால் ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல். ஈரக் குமிழ் 16க்கு இறங்கினால் கிட்டத்தட்ட 66 வீதம். வித்தியாசம் 4 பாகை வராமல் நான் லாக்கர் டின்னைக் கையில் எடுக்கமாட்டேன். உங்கள் பக்கத்தில் வெயில் ஏறிய முற்பகலில்தான் அது வரும், அதுவும் ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாக வரும். தென்மேல் பருவக்காற்று உங்களை நனைக்கிற மாதங்களில் ஊவாப் பக்கம் எங்களுக்குக் காய்ந்த காற்று வீசும். எங்கள் தேயிலைக்கு வாசம் ஏற்றுவதும் அந்தக் காற்றுத்தான்.

பூத்த வெள்ளையை எடுக்க, அப்படியான ஒரு முற்பகலில் லாக்கர் தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக மேலே விடுங்கள். பெயின்ட் திரும்ப இளகி, ஈரத்தை விட்டுவிட்டுக் காயும். ஓட ஓட அடித்தால் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும், கவனம்.

ஆனால் என்னைக் கேட்டால், ஹட்டனில் இருந்துகொண்டு ஸ்ப்ரேயோடு மல்லுக்கட்ட வேண்டாம். எனமல் பெயின்டைத் தூரிகையால் பூசுங்கள். எனமல் மெதுவாகத்தான் காயும், அதனால் மேற்பரப்பு அவ்வளவு குளிராது, வெள்ளையும் பூக்காது. வைட் ஸ்பிரிட் விட்டு இளக்கி, தட்டைத் தூரிகையால் மெல்லிய பூச்சாக, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஒரு முழு நாள் விட்டு. பனி விடாத நாளென்றால் இரண்டு நாள். ஹம்ப்ரோல் எனமல் டின் இலக்கங்கள்: மேலே மண்நிறத்துக்கு 29, கரும்பச்சைக்கு 163, கீழே ஸ்கை என்கிற வெளிர்பச்சை நிறத்துக்கு 90. இரண்டு நிறம் சந்திக்கும் ஓரம் நிஜ விமானத்தில் ஓர் அங்குலம் கலங்கியிருந்தாலும் 1/72இல் அது 0.35 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குப் பிடிபடாது. தூரிகையின் கூரிய ஓரமே சரி.

இன்னொன்று. விமானி இருக்கைக்குப் பின்னால் உள்ள உடல் உலோகத் தகடு இல்லை, மரச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. கிட்டில் அந்த வரிகள் நீளவாக்கில் தெரியும். உரசும்போது அவற்றைக் காப்பாற்றுங்கள். முன்பக்கத் தகட்டின் கோடுகளில் இறங்கவிடுகிற கறுப்புக் கழுவலை (நன்றாக நீர்த்த பெயின்டை) அந்தத் துணிப் பகுதியில் போடவேண்டாம். பூச்சு நிறத்தையே கொஞ்சம் வெளிறக் கலந்து, வரிகளின் மேல் காய்ந்த தூரிகையால் தொட்டால் போதும்.

நாவலப்பிட்டி வாசகர்:

சின்னங்களைப் பற்றி நான் சொல்கிறேன். ஏப்ரல் 1942 என்றால் உடலின் பக்கத்தில் தடித்த மஞ்சள் வளையம் உள்ள பழைய வட்டம், சிறகின் மேல் நீலமும் சிவப்பும் மட்டும், வால் செட்டையில் மூன்று நிறமும் சம அகலம். வெள்ளையும் மஞ்சளும் மெலிந்த வட்டம் அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகுதான் வரத் தொடங்கியது. சிவப்பே இல்லாத தென்கிழக்காசியச் சின்னம் 1943. பெட்டியில் வரும் டெக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னங்களை) அப்படியே ஒட்டிவிடாமல் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். டெக்கலுக்கு முதல் கிளியர் குளோஸ் ஒரு பூச்சு கட்டாயம். மெட் பெயின்டின் மேல் நேரே ஒட்டினால் அடியில் காற்று நின்று வெள்ளி மாதிரி மினுங்கும்.

அன்று 258இல் ஹரிகேனின் மார்க் 1, மார்க் 2பி என்ற இரண்டு வகையுமே பறந்தன. அதனால் மார்க் 1 கிட் என்றாலும் கவலையில்லை. மூக்கில் உள்ள சுழலி மட்டும் மூன்று அலகு (இதழ்) உள்ளதாக இருக்கட்டும். இரண்டு அலகு மரச்சுழலி போருக்கு முந்திய விமானங்களுக்கு உரியது.

டிக்கோயா ஆசிரியர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. என்னுடையது மார்க் 1, சுழலி மூன்று அலகு. வெப்பமானி யோசனை அருமை ஐயா, அதைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கப் போகிறேன். ஒரு கேள்வி மிச்சம்: பெட்டிப் படத்தில் சிறகின் முன் ஓரத்தில் சிவப்புக் கட்டங்கள் தெரிகின்றன. அவை என்ன?

பண்டாரவளை ஃபிட்டர்:

துப்பாக்கி வாய்களை மூடிய துணி, தம்பி. மார்க் 1இல் பக்கத்துக்கு 4 ஆக 8 பிரவுனிங் துப்பாக்கி. 2பி என்றால் 12. ஈரமும் தூசியும் உள்ளே போகாமல் சிவப்புப் பசைப்பூச்சுத் துணியை மேலே ஒட்டிவிடுவார்கள். முதல் குண்டே அதைக் கிழித்துக்கொண்டு போகும். ஆகவே முதலில் நேரத்தை முடிவு எடுங்கள். ரேஸ்கோர்ஸில் எழும்பக் காத்து நிற்கிற விமானம் என்றால் சிவப்புத் துணி முழுசாக இருக்கவேண்டும், சிறகின் அடியில் புகைக்கறை இருக்கக்கூடாது. சண்டைக்குப் பிறகு என்றால் நேர்மாறு.

நீங்கள் சக்கரத்தைக் கீழே விட்டு ஒட்டியிருந்தால் முதலாவதைச் செய்யுங்கள். மிச்ச டெக்கல் தாளில் சிவப்பு இடத்தை மெல்லிய கீற்றாக வெட்டி, ஒவ்வொரு துளைக்கும் ஒரு துண்டு, முன் ஓரத்தில் மடித்து ஒட்டுங்கள். புது பிளேட் பாவியுங்கள், பழையது தாளை இழுத்துக் கிழிக்கும்.