புதுப்பிப்பு: 4294967297 முதன்மை எண்ணா (1 ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்ணா)?

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு, கணிப்பான் இல்லாமல், 4294967297 (2 இன் 32ஆம் வலு + 1) முதன்மையா என்று பலகையில் எப்படிக் காட்டுவது?

முதன்மை இல்லை: 641 × 6700417. இது முதன்மை என்று கணித அறிஞர் பேர்மா நம்பினார். 1732இல் இன்னொரு கணித அறிஞர் ஒயிலர் இப்படிக் காரணிப்படுத்தி அதை உடைத்தார்.

சரிவந்தது வவுனியா அண்ணை சொன்ன வழி. இதன் முதன்மைக் காரணி எதுவும் 128k + 1 (k முழு எண்) வடிவில்தான் வரும். 129, 385, 513 முதன்மை அல்ல. 257 ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்ததே 641! நீள்வகுத்தலும் வேண்டாம். 641 = 5×2⁷ + 1, ஆகவே 641 ஆல் வகுத்தால் 5×2⁷ இன் மீதி −1; நான்காம் வலு எடுத்தால் 5⁴×2²⁸ இன் மீதி 1. ஆனால் 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² இன் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

6700417 முதன்மைதான். வர்க்கமூலம் 2588 சொச்சம். இதன் காரணிகளும் 128k + 1 வடிவில்தான் வரும்; 257 ஏற்கனவே கழிந்தது, ஆகவே அதுவரை உள்ள முதன்மைகளில் 641, 769, 1153, 1409 மட்டும் பார்த்தால் போதும். மீதிகள் 44, 120, 334, 622.

எதிர்பாராதது: முல்லைத்தீவுத் தங்கச்சி சொன்ன பேர்மா சோதனை (n முதன்மை என்றால், அடி a இன் n−1 ஆம் வலுவை n ஆல் வகுக்க மீதி 1 வரவேணும்; a, n ஆல் வகுபடாத எண்), அடி 2 என்றால் இந்த எண்ணை முதன்மை போலவே காட்டும். அடி 3 எடுங்கோ, பிடிபடும். கணினி நிரலில் 32 பிட் மாறியில் போட்டவைக்கு எண்ணே 1 ஆகச் சுருங்கிவிடும். 64 பிட் பாவியுங்கோ.