உதவி: செஸ் மாஸ்டர் ஆட்டங்கள் இத்தனை பார்த்தும் ஏழாவது நகர்த்தலில் பிஷப் போகிறது

கோபிக்காரன்:
வணக்கங்க. ஊர் கோபிச்செட்டிபாளையம். ஞாயிற்றுக்கிழமை ஈரோடு, திருப்பூர் பக்கம் நடக்கும் ரேபிட் (வேக ஆட்ட) செஸ் போட்டிகளுக்குப் போவேன். கறுப்பில் நான் ஆடும் ஓபனிங் (தொடக்க முறை) கேரோ-கான். மூன்று மாதமாக 'தி வீக் இன் செஸ்' தளத்தின் பிஜிஎன் (ஆட்டப் பதிவு) கோப்புகளை இறக்கி, கேரோ-கானை மட்டும் பிரித்தெடுத்து, ராத்திரி சோறு உண்டுட்டு இருபது ஆட்டமாவது ஓட்டிப் பார்க்கிறேன்.

போன வாரம் எதிரே ஒரு பொடியன். இ4 சி6, டி4 டி5, இ5 பிஷப் எஃப்5 (எழுத்தும் எண்ணும் போய் நிற்கும் கட்டம்; முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு). அடுத்து எச்4 தள்ளினான். ஓரச் சிப்பாய்தானே என்று நான் இ6 வைத்தேன். ஜி4, பிஷப் இ4, எஃப்3, பிஷப் ஜி6, எச்5. பிஷப்புக்குப் போக இடமில்லை. பொடியன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

பொடியன் எச்4 தள்ளியதுமே கறுப்பில் எல்லோரும் எச்5 வைப்பார்கள் என்பது எனக்கு ஞாபகம் வந்தது, ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில். எங்கே தப்பு பண்றேன்?

திருப்பூர் யானை:
என்ஜினில் (செஸ் கணிக்கும் மென்பொருள்) போட்டுப் பாருங்க.

கோபிக்காரன்:
போட்டேனுங்க. எச்5 நல்லதுன்னு காட்டுது. ஏன்னு வாயைத் திறக்க மாட்டேங்குது.

பொள்ளாச்சி மாமா:
தம்பி, மாஸ்டர்கள் அங்கே இ6 வைப்பதில்லை. அதனால் அதற்கு விழும் அடியை நீங்க பார்த்ததே இல்லை. இருபது ஆட்டம் ஓட்டுவது சினிமா பார்க்கிற மாதிரி. ஒன்றே ஒன்று எடுங்க, நிஜப் பலகையில். நகர்த்தல்களைத் தாளால் மறைத்துவிட்டு, உங்க நகர்த்தலை முதலில் எழுதுங்க. மாஸ்டர் வைத்தது வேறாக இருந்தால், உங்களுடையதை எதிரி எப்படி அடிப்பான் என்று பத்து நிமிஷம் தேடுங்க. என்ஜின் அப்புறம்தான்.

உங்க சிப்பாய் எச்5-இல் நின்றால் வெள்ளையின் ஜி4 சும்மா வராது. பிஷப்புகள் வெட்டுப்பட்ட பிறகு எஃப்5 கட்டத்தில் உங்க குதிரை நிம்மதியாக உட்காரும். அதற்கு விலையும் உண்டு: ஜி5-க்கு வெள்ளை பிஷப் வந்தால் எச்6 தள்ளி விரட்ட முடியாது. சி5 தள்ளுகிற வேளையை மட்டும் மறந்துடாதீங்க, கறுப்புக்கு மூச்சே அங்கேதான்.

ஈரோட்டுக் குதிரை:
இன்னொன்று. லிச்செஸ் (இணையத்தில் செஸ் ஆடும் தளம்) ஓபனிங் எக்ஸ்புளோரரில், அதாவது எந்த நகர்த்தலை எத்தனை பேர் ஆடினார்கள் என்று காட்டும் பக்கத்தில், மாஸ்டர்ஸை விட்டு லிச்செஸ் ஆட்டங்களுக்கு மாறி, ரேட்டிங் (ஆட்டத் தரப் புள்ளி) 1400, 1600 தேர்ந்தெடுங்க. நம்ம மாதிரி ஆட்கள் விழுகிற குழியெல்லாம் அங்கே இருக்கும். வெற்றிச் சதவீதத்தை மட்டும் நம்பாதீங்க. 60ஆவது நகர்த்தலில் யானை எண்ட்கேமில் (கடைசிக் கட்ட ஆட்டத்தில்) கோட்டை விட்டவனும் அந்தக் கணக்கில் இந்த ஓபனிங்கில் தோற்றவன்தான்.

கோபிக்காரன்:
மாமா, நேற்று ஒரே ஆட்டம். ஒன்றரை மணி நேரம் ஆச்சு, வீட்டில் திட்டு வேற. எச்4 எச்5, பிஷப் டி3, பிஷப்புகள் வெட்டு, ராணி டி3-க்கு வந்தாச்சு. நான் இ6 எழுதினேன். மாஸ்டர் ராணி ஏ5 செக். ஒரு செக்குக்காகவா என்று முதலில் புரியவில்லை. அடுத்து ராணி ஏ6 போய் ராணியை வெட்டிக்கலாமா என்று கேட்கத்தானுங்களே?

பொள்ளாச்சி மாமா:
அதேதான் தம்பி. வெள்ளை ராணி ஒதுங்கினால் ஏ6-இலிருந்து எஃப்1 வரை போகும் அந்த மூலைக்கோடு உங்களுக்கு. இப்போ இ6-ஐயும் விட்டுடாதீங்க, அதுவும் ஆடுகிற நகர்த்தல்தான். அதில் உங்க ராணி எங்கே போகும்னு தேடிட்டு எழுதுங்க.