புதுப்பிப்பு: புயல் இரவில் வண்டியை விட்டு வெளியேறினோம்

டெக்சஸில் அமரில்லோ அருகே முகாமில் இருக்கிறோம், புயல் வருகிறது, வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிக்குள்ளேயே இருக்கலாமா என்று நேற்று கேட்டிருந்தேன். நால்வரும் நலம். "இறங்கிவிடுங்கள்" என்று அடித்துச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வெயில் மறைப்பைச் சுருட்டிக் கட்டினோம். பக்கவாட்டில் நீளும் அறையை உள்ளே இழுத்தோம். வண்டியின் முகத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பினேன், விலாவில் அடிக்கும் காற்றுதான் கவிழ்க்கும். ஆனால் சுழல்காற்றுக்கு இதெல்லாம் போதாது. வானிலை வானொலியில் எச்சரிக்கை அலறியதும் முகாமின் கான்கிரீட் குளியலறைக்கு ஓடினோம். சின்னவள் என் சட்டை நுனியைக் கடைசிவரை விடவில்லை.

விடிந்து பார்த்தால் கூரைக் காற்றுப்போக்கியின் மூடி காணவில்லை. மெத்தை முழுக்க ஈரம். வண்டி நிற்கிறது. மூடி வாங்கிப் பொருத்தியபின்தான் கிளம்புகிறோம்.