பாட்டி வீட்டு வேலிக் கொடி

சித்தப்பா: செல்வி நிச்சயத்துக்கு இன்னும் 12 நாள்தான். நாளைக் காலை பந்தல்காரர் வருகிறார். கிணற்றடி வேலிக் கொடியை வெட்ட ஆள் சொல்லிவிட்டேன். முழுக்கப் புழு.

வளர்மதி: ஐயோ சித்தப்பா, வெட்ட வேண்டாம்!!

ராஜன் மாமா: என்ன புழு? அரிக்குமா?

வளர்மதி: அரிக்காது மாமா, அதற்கு முடியே கிடையாது. கருத்த உடம்பில் சிவப்பாகச் சதைமுள், நடுவில் வெளுத்த பட்டை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது தென்னிந்தியாவிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம், கேரளத்தில் கருடசலபம் என்பார்களே அது. சிறகை விரித்தால் 14 முதல் 19 செ.மீ. வரும், பின்சிறகு பளீரென்று மஞ்சள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் மர உச்சியில் பறக்கிற பூச்சி, முட்டையிட ஈஸ்வரமூலி வகைக் கொடியைத் தேடி இறங்கும், வேறு இலையைப் புழு தின்னாது.

சித்தப்பா: பட்டை இருக்கிறது. தொட்டால் ஆரஞ்சு நிறத்தில் கொம்பு நீட்டுகிறது. நாற்றம் வேறு.

வளர்மதி: அதுவாகத்தான் இருக்கும்!

சரசு அத்தை: அம்மா வைத்த கொடி. பலாவை வெட்டும்போதும் என்னைக் கேட்கவில்லை.

சித்தப்பா: மறுபடியும் பலாவா அக்கா

சரசு அத்தை: என் கஷாயத்துக்கு வேர் வேண்டாமா?

தீபா: அத்தை, ஈஸ்வரமூலியையா குடிக்கிறீர்கள்? அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் போகும்.

சரசு அத்தை: எப்போதாவதுதான்

தீபா: போனை எடுங்கள், கூப்பிடுகிறேன்.

வளர்மதி: அந்த விஷம்தான் புழுவுக்குக் காவல். இலையோடு தின்று உடம்பில் சேர்த்துக்கொள்ளும், பறவைகள் அதை ஒதுக்கிவிடும், சிறகு முளைத்த பிறகும் அந்தக் காவல் போகாது. சித்தப்பா, தண்டில் சுருண்ட காய்ந்த இலை மாதிரி, இடுப்பில் நூல் கட்டிக்கொண்டு ஏதாவது இருக்கிறதா? அது கூட்டுப்புழு. சீண்டினால் உஸ் என்று சத்தம் வரும்.

சித்தப்பா: அதுவா! ஓலையை இழுக்கும்போது கேட்டது. பாம்பென்று நினைத்துத்தான் ஆளே சொன்னேன்.

வளர்மதி: பூச்சி வெளியே வர மூன்று வாரம் வரை ஆகும் சித்தப்பா. நிச்சயம் முடியும்வரையாவது விடுங்களேன்.

ராஜன் மாமா: அப்புறம் பந்தி எங்கே? மாடியிலா?

சரசு அத்தை: மாடி ஏற என் முழங்கால் வேண்டுமே

சித்தப்பா: பந்தலை நாலடி தள்ளிப் போட முடியுமா என்று கேட்கிறேன். கிணறு இடிக்கும். சரி, காலையில் பேசலாம், அதுவரை கொடியில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

தீபா: அத்தை, போன்!