நான்-டீட்டெயில் வகுப்பில் மறக்க முடியாத கடைசிப் பக்கம்: உங்கள் அனுபவம்?

மேலூர்க்காரி:
ப்ளஸ் ஒன் ஆங்கில வகுப்பு. பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் நெக்லஸ் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராகக் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். இரவல் வாங்கிய வைர நெக்லஸைத் தொலைத்து, 36,000 பிராங்குக்கு வேறு வாங்கிக் கொடுத்து, அந்தக் கடனைப் பத்து வருஷம் பாடுபட்டு அடைத்த மத்தில்தா, இரவல் கொடுத்த தோழியைப் பார்க்கிறாள். தன்னுடையது போலி, மிஞ்சினால் 500 பிராங்க் பெறும் என்கிறாள் தோழி. டீச்சர் ஆங்கிலத்தில் வாசித்தபோது வகுப்பு அசையவில்லை. புத்தகத்தை இறக்கிவிட்டு, "அது கவரிங்டி" என்றார். நாற்பது பிள்ளைகளும் சேர்ந்து "அய்யோ" என்றோம்.

பக்கத்தில் இருந்தவளின் கை மட்டும் காதுக்குப் போனது. அவள் தோடு அடகுக்குப் போய், துளை தூர்ந்துவிடாமல் இரண்டு மாதம் ஈர்க்குச்சி போட்டிருந்தவள். போன மாதம்தான் திருப்பிவிட்டதாகச் சொல்லி அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்திருந்தார். இடைவேளையில் வேப்பமரத்தடியில் ஒரு தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, "பாத்துச் சொல்லு" என்றாள். திருகில் பச்சை படிந்திருந்தது. "தங்கந்தான்டி" என்றேன். இருபது வருஷம் ஆகிறது. நான் சொன்னது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

திருநகர் வாசகன்:
எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எங்களுக்கு ஓ ஹென்றியின் 'ஆஃப்டர் ட்வென்ட்டி இயர்ஸ்', இருபது வருஷத்துக்கு முன் பேசிவைத்தபடி நண்பன் ஜிம்மிக்காக பாப் காத்திருக்கும் கதை. அண்ணன் மதுரைப் புதுமண்டபத்தில் பழைய கைடு வாங்கி வந்தார். அதில் முதல் வரியிலேயே, பாபிடம் பேச்சுக் கொடுக்கும் போலீஸ்காரர்தான் அவன் காத்திருக்கும் ஜிம்மி என்று போட்டிருந்தது. வகுப்பே வாய் பிளந்த நேரத்தில் நான் ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கதையில் ஒரே ஒரு முறைதான் அந்த அதிர்ச்சி கிடைக்கும், எனக்கு அது போயே போய்விட்டது. சில ஆசிரியர்களும் முடிவை முதலிலேயே தமிழில் சொல்லிவிடுகிறார்கள். அது பெரிய தப்பு.

உசிலம்பட்டி வாத்தியார்:
திருநகர் தம்பி, நான் அப்படிச் சொல்லிக் கொடுத்தவன். தமிழ் மீடியம், அறுபது பையன்கள். அகராதி பார்த்துப் பார்த்துக் கடைசிப் பக்கம் வருவதற்குள் பாதிப் பேருக்கு யார் பாப், யார் ஜிம்மி என்பதே மறந்துவிடும். ஒரு வருஷம், பாப் போலீஸ் தேடும் ஆள் என்று கண்டுகொண்ட ஜிம்மி வேறொரு போலீஸ்காரரை அனுப்பி அவனைப் பிடிக்கிறான் என்ற முடிவைச் சொல்லிவிட்டே ஆரம்பித்தேன். வாயே திறக்காத கடைசி பெஞ்ச் பையன் எழுந்து, "ஜிம்மி ஏன் சார் தானே பிடிக்கல?" என்றான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆங்கிலம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தக் கதைகளை இரண்டு முறை நடத்துங்கள். முதல் தடவை கதை புரிந்தால் போதும். இரண்டாம் தடவை ஆசிரியர் எங்கெங்கே ஒளித்து வைத்தார் என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். பாப் சுருட்டுப் பற்றவைக்கத் தீக்குச்சி உரசுகிறான், வெளிச்சத்தில் அவன் புருவத்தருகே தழும்பு தெரிகிறது. முதலில் அது வெறும் வர்ணனை. சிகாகோ போலீஸ் தேடும் முகத்தை ஜிம்மி கண்டுகொண்டது அந்த வெளிச்சத்தில்தான் என்று தெரிந்த பிறகு படித்தால் நெஞ்சு அடைக்கும். வைரம் பதித்த கடிகாரம், மேற்கே நன்றாகச் சம்பாதித்தாயா என்ற கேள்வி, நண்பன் நேரத்துக்கு வராவிட்டால் கிளம்பிவிடுவாயா என்ற கேள்வி, எல்லாவற்றையும் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். ஜிம்மி கொடுத்தனுப்பிய சீட்டைப் படிக்கத் தொடங்கும்போது உறுதியாக இருந்த பாபின் கை, முடிக்கும்போது நடுங்குகிறது. அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழில் எழுதிவரச் சொல்லுங்கள். முடிவு தெரிந்தால் கதை செத்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அப்புறம், மேலூர்த் தங்கச்சி அந்தத் தோழியைத் தேடிப்பிடித்து உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது.

வில்லாபுரம் அக்கா:
சார், வேண்டாம். தினமும் திருகைக் கழற்றி மாட்டுகிறவளுக்கா பச்சை தெரியாது? எங்கள் வீட்டிலும் அம்மா என் மூக்குத்தியை மாற்றி வைத்திருந்தார். விளக்கடியில் பார்த்தேன், தெரிந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டேன். அம்மா கேட்டபோது, "நல்லா இருக்கும்மா" என்றேன்.