என் அம்மைக்கு பகல்நேர வலி நிவாரண சிகிச்சை: குமரியில எங்க இருக்கு?

அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு விவரம் வேணும். வீடு குலசேகரம் பக்கம். அம்மைக்கு 64 வயசு. சினைப்பையில புற்றுநோய், வயித்துக்குள்ள பரவியாச்சு. இனி கீமோ வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருக்கா வயித்துல நீர் கோர்த்துடுது. படுத்தா மூச்சு முட்டும். தலையணையை மடியில வச்சு, அதுமேல குனிஞ்சு உக்காந்தே விடிய வைப்பா. நீரை எடுத்துவிட்டா அன்னைக்கே ரெண்டு வாய் கஞ்சியும் பயறும் இறங்கும். போன தடவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இதுக்காகவே மூணு நாள் படுக்க வச்சுட்டாங்க. அம்மைக்கு இப்போ ஒரே பிடிவாதம், ராத்திரி வீட்டுலதான் கிடப்பேன்னு.

காலையில போய் நீர் எடுத்து, வலி மாத்திரை அளவையும் பார்த்துட்டு சாயந்திரம் திரும்புற மாதிரி இடம் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் இருக்கா? ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ்ல அப்படிக் காட்டினவங்க உண்டா? எந்தக் கிழமை, எந்த ஓ.பி.? திருவனந்தபுரத்துல வலி நிவாரண சிகிச்சை குடுக்குற பாலியம் இந்தியா அமைப்புக்குப் போனவங்களும் சொல்லுங்க. களியக்காவிளை தாண்டி கார்ல கொண்டு போயிடலாம்.

மார்ஃபின் நாலு மணிக்கூருக்கு ஒண்ணு, கூடவே மலமிளக்கி. "அடிமையாக்கிடும்"னு சித்தி மாத்திரையை ஒளிச்சு வைக்கா! டாக்டர் சொன்ன அளவுல வலிக்குக் குடுத்தா அந்தப் பயம் வேண்டாம்னு சொல்லிச் சொல்லி நான் தோத்துட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் நர்ஸ் அக்கா வீட்டுக்கு வருவாங்க. ஆனா நீர் எடுக்க ஆஸ்பத்திரிதான். வியாழனுக்குள்ள எடுக்கணும். தெரிஞ்சவங்க கமெண்ட்ல எழுதுங்க.